புறா டெஸ்ட்

என் தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆட்டோ ஓட்டுகிறான் என்று எந்தப் பெண் வீட்டாரும் குறை சொன்னதில்லை. வீடு பார்க்க வருவார்கள், காப்பி குடிப்பார்கள், எல்லாம் நல்லபடியாகப் போகும். பிறகு யாராவது ஒருத்தர் மொட்டை மாடியையும் பார்த்துவிடலாம் என்பார். ஏறிய வேகத்திலேயே இறங்கிவிடுவார்கள். மாடி முழுக்கப் புறா.

அவன் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை, பதவி கொடுத்திருந்தான். அரசாங்க வேலைக்கான பரீட்சைகளை வருஷா வருஷம் எழுதிப் பார்த்தவன் அவன். வயது வரம்பு தாண்டிய பிறகு, தனக்குக் கிடைக்காத வேலைகளை எல்லாம் புறாக்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டான். கலெக்டர், தாசில்தார், ஆர்.ஐ., அவற்றுக்குக் கீழே ஏகப்பட்ட வி.ஏ.ஓ.க்கள். எனக்குக் குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில், துண்டும் கால்சட்டையும் எண்ணெயும் சோப்பும் விற்கிற சின்னக் கடை. ஒருநாள் நல்ல வியாபார நேரத்தில் தம்பி போன் செய்தான். கை எண்ணெயாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். "யக்கா, தாசில்தார் முட்டை போட்டுட்டு!" என்று கடையே அதிரக் கத்தினான். துண்டு எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவர் என்று பிறகு தெரிந்தது. நல்ல மனிதர், பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

வீடு தென்காசியில். என் கணவர் லாரி ஓட்டியவர். புளியரை வளைவில் நடந்த விபத்தில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு நானும் தம்பியும்தான். குழந்தைகள் இல்லை. சண்டை போட்டுக்கொள்ள எங்களுக்குப் புறாக்கள் போதுமாக இருந்தன.

இந்தக் கதை ஆரம்பித்தது என் இடுப்பில். அக்கி வந்தது. தெருவில் எல்லோரும் அதன் மேல் எழுதச் சொன்னார்கள், செம்மண் குழைத்துச் சிங்கம் எழுதிக்கொண்டேன். சிங்கம் உதிர்ந்தது, அக்கி உதிரவில்லை. அதற்கு முன்பே உடம்பு இளைத்து, ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் அம்மா சின்னப் பெண். அக்கியைப் பார்த்தார், என் எடையைப் பார்த்தார், ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். எச்.ஐ.வி. இருந்தது. அது ரொம்ப நாளாக உள்ளே இருந்து, எய்ட்ஸ் என்கிற நிலைக்கு வந்துவிட்டது என்றார். சிடி4 என்று ஒரு கணக்கு உண்டு, உடம்பின் காவல்காரர்கள் எத்தனை பேர் மிச்சம் என்று சொல்வது. எனக்கு மிகச் சொற்பமாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து என் கணவர் படத்தின் முன்னால் நின்றேன். சந்தன மாலை போட்டிருந்தேன். கழற்றினேன். தம்பி ஏன் என்று கேட்டான். தூசியாக இருக்கிறது என்றேன். அவன் மாலையை வாங்கிப் பார்த்தான், தூசி இல்லை. அப்போதுதான் அவனிடம் சொன்னேன். அவன் மாடிக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. "படத்தயும் கழட்டிரட்டா?" என்று கேட்டான். "வேண்டாம்லே, சுவத்துல ஓட்டை தெரியும்" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு அழுகை வந்தது, அதையும் முடித்துக்கொண்டோம்.

மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் இன்னொரு பரிசோதனை இருக்கிறது என்று டாக்டர் அம்மா மறுபடி வரச் சொன்னார். தம்பியும் கூட வந்தான். ஆனி மாதம், சாரல் ஆரம்பித்திருந்தது. சீசனுக்குக் கடை திறக்க வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்கிற கோபம் எனக்கு.

"ரத்தத்துல ஒரு பூஞ்சை இருக்கான்னு பாக்கணும்மா. கிரிப்டோகாக்கஸ்னு பேரு. எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு அது மெதுவா மூளைக்குப் போயிடும். போன பிறகு தெரிஞ்சா ரொம்பக் கஷ்டம்" என்றார் டாக்டர் அம்மா.

"எனக்கு ஒண்ணும் செய்யலயே டாக்டர். லேசாத் தலவலி, அவ்வளவுதான். அதுகூட இவன் பேசுததுனால."

"ஒண்ணும் செய்யாதப்பவே கண்டுபிடிக்கத்தான் இந்த டெஸ்ட்."

அந்தப் பூஞ்சை தன் மேலிருந்து ஏதோ ஒன்றை உதிர்த்துக்கொண்டே இருக்குமாம். அதற்கு ஆன்டிஜென் என்று பெயர். பூஞ்சையே கண்ணில் படாவிட்டாலும் உதிர்ந்தது ரத்தத்தில் இருந்தால் ஒரு பரிசோதனைப் பட்டை காட்டிக் கொடுத்துவிடுமாம். தம்பி கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"அதாவது டாக்டர், புறாவக் காணும், ஆனா எறகு கெடக்கு. அப்ப புறா வந்திருக்குன்னு அர்த்தம். அப்படித்தான?"

"கிட்டத்தட்ட அதேதான்" என்ற டாக்டர் அம்மா, "வீட்ல புறா வளக்கறீங்களா?" என்று கேட்டார்.

தம்பி பெருமையாகத் தலையாட்டினான். டாக்டர் அம்மா பேனாவை வைத்துவிட்டார். புறா எச்சத்தில் இந்தப் பூஞ்சை இருக்கும் என்றார். தம்பியின் முகம் விழுந்துவிட்டதைப் பார்த்து, மண்ணிலும் இருக்கும், மரத்திலும் இருக்கும், பஸ் ஸ்டாண்டிலும் இருக்கும், நாம் எல்லோரும் மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், எதிர்ப்பு சக்தி இருக்கிறவர்களை அது ஒன்றும் செய்யாது என்று சேர்த்துக்கொண்டார். "புறா மேல மட்டும் பழி போடாதீங்க. ஆனா அக்கா இனிமே கூட்டைக் கூட்ட வேண்டாம்."

"நான் எந்தக் காலத்துல கூட்டுனேன்?" என்றேன்.

ரத்தம் எடுத்தார்கள். கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்களே, அது மாதிரி சின்னப் பட்டைதான். ஒரு குழாய்க்குள் நிற்க வைத்திருந்தார்கள். முதலில் மேலே ஒரு கோடு வந்தது. அது எல்லோருக்கும் வருகிற கோடு, பட்டை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நான் இன்னொரு கோடு வராமலிருக்க, கடையில் கடன் கேட்பவரை முறைப்பது போல முறைத்துக்கொண்டிருந்தேன். அது வந்தது. முதலில் நிழல் போல, பிறகு நன்றாகவே.

தம்பி நடுவில் ஏதோ சவாரி விஷயமாகப் போன் பேச வெளியே போயிருந்தான். நான் வராந்தாவுக்கு வந்து அவன் காதருகே, "ரெண்டு கோடு வந்துட்டுலே" என்றேன்.

"என்னது, ரெண்டு கோடா?" என்று கத்தினான்.

அந்த வராந்தாவில் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் தலையும் திரும்பியது. அதில் ஒரு தலை எங்கள் எதிர்வீட்டு மைனியுடையது.

மைனி என்று அண்ணி முறை சொல்லிக் கூப்பிடுகிறோமே தவிர, ரத்த உறவு ஒன்றும் இல்லை. தெருவில் யார் வீட்டில் பால் பொங்கினாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான். என்னைப் பார்த்தாள். என் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் வராந்தா மேற்கூரையைப் பார்த்தாள். நான் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

சாயங்காலம் மைனி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தட்டு. அதில் மாங்காய்க் கீற்று, மேலே உப்பும் மிளகாய்ப் பொடியும்.

"வாய்க்குப் புளிப்பா இருந்தா நல்லாருக்கும்லா" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை இறக்கினாள். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்ட்டி. எத்தன மாசம்?"

எனக்கு விவரம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மாதாமாதம் வருவதே நின்று போன வயது எனக்கு. சிரிப்பதா, தட்டைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. எச்.ஐ.வி. என்று சொல்ல முடியாது. ஒன்றும் இல்லை என்றால் நம்ப மாட்டாள். ஊரில் ஒரு விதவைக்கு இதைவிட மோசமான மாங்காய் கிடையாது. மாடிப் படியில் உட்கார்ந்திருந்த தம்பி இதைக் கேட்டுவிட்டான். அக்கா மானம் போகிறதே என்கிற பதற்றத்தில் எழுந்து நின்றான்.

"மைனி! அது அந்த டெஸ்ட் இல்ல. அது வந்து... புறா டெஸ்ட்."

"புறா டெஸ்டா?"

"ஆமா. புறா எச்சம் இருக்கு பாத்தியளா, அதுல இருந்து ஒரு பூஞ்சை மூக்கு வழியா ஏறி ரத்தத்துல கலந்திரும். அக்காவுக்குத் தலவலி இருந்துச்சுல்லா, அதான் டெஸ்ட் எடுத்தாவ. ரெண்டு கோடு வந்தா புறா."

"ஒரு கோடு வந்தா?"

"புறா இல்ல."

மைனி மாடியை அண்ணாந்து பார்த்தாள். மேலே கலெக்டர் குனுகிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புறா நோய்க்குப் புளிப்பு ஆகுமோ ஆகாதோ என்று வாசலில் நின்று சொன்னாள். அந்த மாங்காயில் ஒரு கீற்றாவது எடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

"என்ன வேல பாத்து வச்சிருக்க?" என்று தம்பியைக் கேட்டேன்.

"பொய் ஒண்ணும் சொல்லலயே யக்கா. டாக்டர் சொன்னதுதான. பாதியச் சொன்னேன்" என்றான். அந்தப் பாதி என்ன பாடு படுத்தப் போகிறது என்று இருவருக்கும் அன்று தெரியவில்லை.

பூஞ்சை மூளைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். அதற்குத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரயிலில் போகும்போதே தம்பி எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தான். பாவூர்சத்திரம் வரைக்கும் தைரியமாகத்தான் இருந்தேன். அவன் சொல்லச் சொல்லத்தான் பயம் வந்தது.

என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். தம்பி முன்பக்கமாக நின்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் இருக்கேன்லா, பயப்படாத. என் மூஞ்சியப் பாரு" என்றான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் எறும்பு கடித்தது போல மரப்பு ஊசி. பிறகு ஓர் அழுத்தம். அப்போது தம்பியின் கண் என் தோளைத் தாண்டி ஊசியைப் பார்த்துவிட்டது. முகம் வெள்ளையாகி, உதடு வெள்ளையாகி, என் கையை விட்டுவிட்டு, வெட்டிய வாழை மாதிரிக் கீழே போனான்.

"அசையாதீங்கம்மா, அசையாதீங்க!" என்று பின்னாலிருந்து டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் முதுகு குலுங்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு, செத்துப் போன எல்லாச் சொந்தக்காரர்களையும் வரிசையாக நினைத்துக்கொண்டேன்.

அது முடிந்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டிலில் தம்பியைப் போட்டு, அவனுக்குக் குளுகோஸ் ஏற்றினார்கள். வார்டுக்கு வந்த ஒரு நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு நேராக அவனிடம் போய், "இப்ப எப்படி இருக்கு? தலைவலி இருக்கா?" என்று கேட்டாள். அவன் "லேசா" என்றான். "ஏலே, பேஷண்டு நான்" என்றேன்.

முதுகு நீரிலும் அதே மாதிரிப் பட்டையை வைத்துப் பார்த்தார்கள். ஒரு கோடுதான் வந்தது. பூஞ்சை ரத்தத்தில் இருக்கிறது, மூளைக்கு இன்னும் போகவில்லை. அதைக் கேட்டபோதுதான், கட்டிலின் கம்பியை நான் எவ்வளவு நேரமாக இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. விரல்கள் பிரிய மறுத்தன.

தென்காசிக்கு வந்ததும் டாக்டர் அம்மா பூஞ்சைக்கு மாத்திரை கொடுத்தார். முதல் இரண்டு வாரம் கைநிறைய. அதற்குப் பிறகுதான் எச்.ஐ.வி. மாத்திரை, அவசரப்பட்டு இரண்டையும் சேர்த்துத் தொடங்கினால் சிக்கல் என்றார். குமட்டல் வந்தது, சோற்றைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. கடையைத் தம்பி பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். ஒரே நாள் பார்த்தான். ஆண்கள் கால்சட்டையை எல்லாம் பெண்களுக்கு என்று தனியே அடுக்கி வைத்திருந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பூட்டிவிடச் சொன்னேன்.

இதற்குள் தெருவில் புறா டெஸ்ட் பரவிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மைனி தலைமையில் பத்துப் பதினைந்து பேர் வாசலில் நின்றார்கள். நான் உள்ளே கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்திக்கு முட்டுவலி, அது புறாவால். ஒருவருக்கு முடி கொட்டுகிறது, அதுவும் புறாவால். கடைசி வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரின் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் போனதற்குக்கூட அந்தக் காற்றுதான் காரணமோ என்று சந்தேகம் வந்திருந்தது. தம்பி எல்லோருக்கும் பொறுமையாகத் தலையாட்டினான்.

அப்போது மைனி ஒரு கேள்வி கேட்டாள்.

"அது சரி. நீதான பொழுதன்னைக்கும் அதுகளோடயே கெடக்க. உனக்கு ஏன் வரல? உங்க அக்கா மாடிக்கே ஏற மாட்டாளே, அவளுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

பதில் அவனுக்குத் தெரியும். எதிர்ப்பு சக்தி இருக்கிறவர்களை அது ஒன்றும் செய்யாது என்று டாக்டர் அம்மா சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னால் புறாக்கள் தப்பித்துவிடும். ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும், அக்காவுக்கு ஏன் எதிர்ப்பு சக்தி இல்லை என்று. ஜன்னல் வழியாக அவன் முதுகைத்தான் பார்த்தேன். அந்த முதுகு ஒரு தடவை பெரிதாக மூச்சு வாங்கியது.

"எனக்கும் இருக்கும் மைனி. டெஸ்ட் எடுக்கல, அவ்வளவுதான்" என்றான். "புறாவ எல்லாம் குடுத்திருதேன்."

கூட்டம் இரண்டடி பின்னால் போனதை நான் பார்த்தேன். மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் யாரும் அவன் ஆட்டோவில் ஏறவில்லை. பள்ளிக்கூடச் சவாரிப் பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார்கள். அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செங்கோட்டை ஸ்டேஷனில் போய் நின்று, கொல்லத்திலிருந்து வருகிறவர்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். "எந்தா சேட்டா, இத்ர ரேட்டோ" என்று அவர்கள் பேரம் பேசுவதை மட்டும் சாப்பிடும்போது நடித்துக் காட்டுவான்.

சுரண்டையில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, தம்பியைப் போலவே புறாக் கோட்டி, புறாப் பைத்தியம். அவர் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். தம்பி கூடைகளில் கலெக்டர் முதல் வி.ஏ.ஓ. வரை எல்லோரையும் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு கிளம்பினான். தெருவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது.

மத்தியானம் நான் படுத்திருந்தேன். மாடியில் சடசடவென்று ஒரு சத்தம். மழை என்று நினைத்தேன். துணி காய்கிறதே என்று தட்டுத் தடுமாறி முற்றத்துக்கு வந்து பார்த்தால், கொடியில் என் சேலைக்குப் பக்கத்தில் தாசில்தார் உட்கார்ந்திருந்தது. சுற்றுச்சுவர் முழுக்க மற்றவர்கள். சிறிது நேரத்தில் தம்பி ஆட்டோவில் வந்து இறங்கினான். வழியில் டீ குடித்து அழுதுவிட்டு வந்திருப்பான் போல, கண் வீங்கியிருந்தது. நேராக வந்து தரையில் உட்கார்ந்தான்.

"எல்லாம் போச்சு யக்கா. இனிமே மாடியில ஒரு சத்தம் கேக்காது" என்றான்.

மேலே கலெக்டர் குனுகியது. அவன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அதே நேரம் எதிர்வீட்டிலிருந்து மைனியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"ஏலே! உன் நோய் திரும்பி வந்துட்டுலே!"

அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, நல்ல புறாடே உன் புறா. ஒரு தடவ கண்ணாரப் பாப்பம்னு கூடயத் தெறந்தேன், ஒண்ணயும் காணும்."

தம்பி மறுபடியும் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போய் அங்கே விட்டான். இந்தத் தடவை அண்ணாச்சி வலைக்கூட்டில் போட்டு, திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். திறந்தால் தென்காசிக்கு வந்துவிடும் என்பதால் அவை ஆயுசுக்கும் உள்ளேதான். தம்பி வாராவாரம் கொஞ்சம் கம்பும் பட்டாணியும் வாங்கிக்கொண்டு, மனு கொடுக்கப் போகிறவன் மாதிரி சுரண்டைக்குப் போய், கம்பி வலைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தான்.

ஆவணியில் எனக்கு உடம்பு தேற ஆரம்பித்தது. எச்.ஐ.வி. மாத்திரையும் தொடங்கியாகிவிட்டது, ராத்திரிக்கு ஒன்று. பூஞ்சை மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். நான் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்ட அன்று தம்பியின் தட்டைப் பார்த்தேன். குழம்பில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. நோய் எனக்கு, இளைப்பது அவன். "டாக்டர்ட்ட போவமா?" என்றேன். "எனக்கென்ன" என்றான்.

அவன் தூங்கப் போனதும் யோசித்தேன். அவனுக்கு இருந்தது இரண்டே விஷயம், ஆட்டோவும் புறாவும். இரண்டையும் எனக்காக வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டான். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

மறுநாள் அவன் சவாரிக்குப் போனதும் எதிர்வீட்டுக்குப் போனேன். மைனி சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானை மூக்குக்குப் போனது.

"மைனி, கதவச் சாத்திட்டு வாரேன். ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். கணவர், அக்கி, எச்.ஐ.வி., எய்ட்ஸ் என்றால் என்ன, எதற்காக அந்தப் பட்டை டெஸ்ட், இரண்டு கோடு என்றால் என்ன, எல்லாம். சொல்லும்போது என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. மைனி நறுக்குவதை நிறுத்திவிட்டாள். அவள் பேசாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன். அது அவ்வளவு பயமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நாளைக்கு இந்த ஊரை விட்டே போக வேண்டியிருக்கும், கடையை யாரிடம் விடுவது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியில் அவள் வாயைத் திறந்தாள். "அப்பம் புறாவுக்கு ஒண்ணும் இல்லயா?"

"இல்ல மைனி."

"எனக்கு வராதா?"

"வராது."

"இத அந்தக் கோட்டிக்காரப் பய அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? பிள்ள மாதிரி வளத்தத எல்லாம் கூடயில அடச்சுக் கொண்டு போனானே. நாங்க வேற வேடிக்க பாத்துக்கிட்டு நின்னோம்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "எங்க சொந்தத்துலயும் ஒரு ஆளு அந்த மாத்திர சாப்பிடுதாவ. நல்லாத்தான் இருக்காவ. யாருன்னு கேக்காத, சொல்ல மாட்டேன்."

"நான் கேக்கல மைனி."

"உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம் மைனி."

"உனக்குக்கூடத் தெரிஞ்ச ஆளுதான்" என்றவள், சட்டென்று தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். அந்த ஆள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள் என்பதே எனக்குப் போதுமான ஆச்சரியம்.

ஆனால் தெருவுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். புறாவை விடுவிக்க வேண்டும், என்னையும் காட்டிக் கொடுக்கக் கூடாது. அந்த வேலையை மைனி எடுத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பார்த்தார்களாம், அது புறா இல்லையாம், ஏசியாம். நான் எங்கோ ஏசி போட்ட இடத்தில் உட்கார்ந்ததில் வந்ததாம். எங்கள் தெருவில் ஏசி இருப்பது ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் மட்டும்தான். பாவம், அவர் அதன் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, ஆடி போன பிறகும் அடித்த வெயிலில் விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் மட்டும் எனக்கு இன்றும் மனசு உறுத்தும்.

என் மாடியில் மறுபடி கூடு வேண்டாம் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார், சிடி4 ஏறும் வரைக்குமாவது. அதை மைனியிடம் சொன்னபோது, "எங்க மாடி சும்மாத்தான கெடக்கு" என்றாள். தம்பி நம்பவில்லை. அவள் அவனையே அழைத்து இடத்தைக் காட்டிய பிறகும், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் அடையாளம் வைத்த பிறகும், அவன் என்னிடம் வந்து, "யக்கா, மைனிக்கு ஏதும் உடம்பு சரியில்லயா?" என்று கேட்டான். நான் போய்ச் சொல்லிவிட்டதை அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். 

"எல்லாத்தயுமா சொன்ன?"

"எல்லாத்தயும்தான்."

"பயமா இல்லயா?"

"முதுகுல ஊசி போட்டதுக்கு மேலயா?"

"அது வலிக்கவே இல்லயே" என்றான். "உனக்கு எப்படிலே தெரியும்? நீதான் கீழ கெடந்தியே" என்றேன்.

சுரண்டையிலிருந்து புறாக்கள் வந்தன. புது இடம் பழகும் வரைக்கும் தம்பி அவற்றை அடைத்தே வைத்திருந்தான். திறந்துவிட்டதும் பாதி, தெருவைத் தாண்டி எங்கள் மாடிக்கே வந்தன. மைனி கம்பைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் திருப்பிக் கூப்பிட்டாள். காலையில் சர்க்கரைக்காக நடக்கச் சொல்லியிருந்தார்கள், அந்த நடையை அவள் மாடியிலேயே நடந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆட்டோவுக்கு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

கார்த்திகையில், ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்துக்கு வர ஆரம்பித்ததும் கடையைத் திறந்தேன். கறுப்பு வேட்டியும் நீலத் துண்டும் நன்றாகப் போயின. அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் அம்மா சிடி4 நன்றாக ஏறியிருக்கிறது என்றார். இன்னும் கொஞ்ச நாள் ஏறிக்கொண்டே போனால் பூஞ்சை மாத்திரையை நிறுத்திவிடலாம். மற்ற மாத்திரை ஆயுசுக்கும். நான் மறந்துவிடுவேனோ என்று பயந்தேன், மைனி பயப்படவில்லை. ராத்திரி டிவி நாடகம் முடிகிற நேரத்துக்கு அவள் வாசலில் வந்து நின்று, "ஏட்டி, சாப்பிட்டியா?" என்று தெருவே கேட்கக் குரல் கொடுப்பாள். நான் தம்ளரோடு ஜன்னலுக்கு வந்து, "சாப்பிட்டேன் மைனி" என்பேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் என்னிடம், "உங்க மேல அவ்வோளுக்கு எவ்வளவு பிரியம், தெனமும் சாப்பாட்ட விசாரிச்சுட்டுத்தான் படுக்கப் போறாவ" என்றாள். ஆமாம் என்றேன்.